திருடனுக்கு டார்ச் அடித்த ரோஸ்விதா

எங்கள் கட்டடத்தில் ரோஸ்விதா ஹேஃபலேயிடம் திட்டு வாங்காதவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் இன்னும் குடிவரவில்லை என்று அர்த்தம். நான் எஸ்லிங்கன் நகரத்தில் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிட்டேன். காலி பீர் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் உடையும் சத்தம் கேட்டால் ஊருக்கு ஓய்வு கெடும், ஓய்வு கெட்டால் திங்கட்கிழமை வேலை கெடும், வேலை கெட்டால் நாடு கெடும் என்று மாடிப்படியில் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். நாலு பாட்டிலுக்கு நாட்டையே கணக்கில் சேர்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். குளிக்காமல் குளத்தில் இறங்கப் பார்ப்பவனை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாராம். மேயரையே ஒருமுறை திருப்பி அனுப்பி, சோப்பு போட்டு வரச் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன். ஓய்வு பெற்ற அன்று நகராட்சி ஒரு பூங்கொத்து கொடுத்தது. போதாது என்று நினைத்தாரோ என்னவோ, குளத்து விசிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அது அவர் கழுத்தில்தான் கிடக்கிறது. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஆக, அந்த விசிலுக்கு அகப்பட்டவர்கள் நாங்கள்தான்.

எங்கள் வட்டாரத்தில் படிக்கட்டு, வாசல், நடைபாதை எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு வீட்டுக்காரர் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். பலகை என் கதவுக்கு வரும் வாரமெல்லாம் நான் இரண்டு முறை துடைப்பேன். துடைத்து முடித்த பிறகு ரோஸ்விதா வந்து, குனிந்து, மூலைகளைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போனால் பிழைத்தோம். இங்கே யாரும் யாரையும் வாய்விட்டுப் பாராட்டுவது கிடையாது. கல்யாண விருந்தில்கூட "சாப்பிடலாம்" என்றுதான் சொல்வார்கள். சமைத்தவர் அதற்கே முகம் சிவப்பார்.

அந்த ரோஸ்விதாவுக்கு ஒரு கோயில் இருந்தது. நிலவறையில் இருக்கும் மீட்டர் அறை. எல்லா வீட்டு மின் மீட்டர்களும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. அதன் சாவி அவரிடம் மட்டும், விசில் கயிற்றிலேயே தொங்கும். சுவருக்கு அவரே வெள்ளையடித்தார். மீட்டர் கண்ணாடிகளை வாரம் தவறாமல் துடைத்தார். ஒவ்வொன்றின் கீழும் எந்த மாடி, யார் பெயர் என்று குண்டு குண்டான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். பாத்திரக்கடை அலமாரிகூட அத்தனை ஒழுங்காக இருக்காது. அந்த அறையைப் பற்றி நாங்கள் யாரும் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களைப் பொறுத்தவரை அது மீட்டர் இருக்கும் அறை, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் மின்சாரம் விற்கப் பல கம்பெனிகள் உண்டு, யாரும் எதற்கும் மாறிக்கொள்ளலாம். நமக்குத் தெரியாமலே மாற்றிவிடும் மோசடிகளைப் பற்றி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. மலிவு விலையில் மின்சாரம் என்று தொலைபேசியில் தேனொழுகப் பேசும் ஆட்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. நாம் "ஆமாம்" என்று சொல்வதைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த மாதிரி ஆக்கிவிடுவார்களாம். அதனால் தொலைபேசியில் அந்தச் சொல்லையே அவர் விட்டுவிட்டார். பாதிரியார் அழைத்து, எங்கள் ஊர் மரியாதைப்படி திருமதி என்பதற்கு ஃப்ராவ் போட்டு, "ஃப்ராவ் ஹேஃபலேதானே பேசறது?" என்று கேட்டால்கூட, "அப்படித்தான் சொல்லிக்கிறாங்க" என்பார். மின்சார ஆட்கள் என்று தெரிந்துவிட்டால் பேச்சே கிடையாது, காதுக்குள் நேராக விசில்தான்.

"பேரும் விலாசமும் காலிங் பெல்லுலயே எழுதி வெச்சிருக்கோம்," என்று படிக்கட்டில் மடக்கி எங்களுக்குச் சொல்வார். "அவனுங்க கையில இல்லாதது மீட்டர் நம்பர் ஒண்ணுதான். அது மட்டும் கெடச்சா, நீங்க தூங்கிட்டு இருக்கும்போதே உங்கள வேற கம்பெனிக்குக் கட்டிக் குடுத்துடுவானுங்க. புரியுதா?"

புரிந்தது. தரைத்தளத்தில் இருக்கும் ஓட்மார் ப்ராய்னிங்குக்கு மட்டும் புரிந்த மாதிரி தெரியாது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூலையை விட்டுவிட்டு நடுவை மட்டும் துடைக்கும் வகை. அதற்காகவே ரோஸ்விதா அவரைப் பரம்பரை எதிரியாக அறிவித்திருந்தார். "இந்தம்மா செத்தா எமனுக்கும் சோப்புக் குடுக்கும்," என்று ப்ராய்னிங் என்னிடம் ஒருமுறை சொன்னார். எமன் என்று அவர் சொல்லவில்லை, எங்கள் ஊரில் அந்த வேலையில் இருப்பவர் பெயரைச் சொன்னார். விஷயம் ஒன்றுதான்.

அந்த ஆள் வந்தது இலையுதிர்காலத்தின் கடைசியில், வாசல் முழுக்க ஈர இலை ஒட்டிக் கிடந்த ஒரு காலையில். நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். சாம்பல் நிற கோட்டு, கையில் ஒரு கோப்பு. மிதியடியில் காலைத் தேய்த்தான். எங்களைப் போலப் பேருக்குத் தேய்க்கவில்லை, குதிகால், விளிம்பு, எல்லாம். அப்புறம் ஷூவையே கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தான். ரோஸ்விதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசில் கையில்தான் இருந்தது, ஆனால் அது உதடு வரை போகவில்லை.

அவன் மின்சாரம் என்று வாயே திறக்கவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினான். விரலை வெளிச்சத்தில் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"இந்த வாரம் யாரு முறைங்க?" என்று கேட்டான்.

"உச்சிமாடிப் பொண்ணு," என்றார் ரோஸ்விதா. உச்சிமாடியில் குடியிருப்பவள் ஃபின்யா என்ற கல்லூரி மாணவி. அவள் தூசியோடு சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டவள்.

"தெரியுது," என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லில் ரோஸ்விதா விழுந்தார். நான் கண்ணால் பார்த்தேன், அவர் முகம் அப்படியே இளகியது. இத்தனை காலமாக அந்தக் கைப்பிடிக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்த முதல் மனிதன் அவன். அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அதைக் கேட்கவே இல்லை. கட்டட நிர்வாகத்திலிருந்து வருவதாகவும், நிலவறைகளின் சுத்தத்தைப் பார்வையிடுவதாகவும் அவன் சொன்னான். இருவரும் கீழே இறங்கினார்கள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஒரு புதுப் பரிசோதகர் வந்துவிட்டார், இனி நமக்கு இரட்டைத் திட்டு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சில நாள் கழித்து எல்லோர் தபால் பெட்டியிலும் பச்சை இலை படம் போட்ட ஓர் உறை எட்டிப் பார்த்தது. எங்களில் யாரும் பிரிக்கவில்லை. விளம்பரம் என்று நினைத்தோம். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு போய் ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ப்ராய்னிங் வழக்கம்போலப் பெட்டியையே திறக்கவில்லை.

மறுநாள் மதியம் அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். கீழே தபால் பெட்டிகளின் முன்னால் ரோஸ்விதா குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் சாஸேஜ் புரட்டும் இடுக்கி. அது ப்ராய்னிங்கின் பெட்டி வாய்க்குள் பிடி வரை போயிருந்தது.

வாழ்க்கையில் சில சந்தோஷங்கள் ஒருமுறைதான் வரும். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டில்களை நினைத்துக்கொண்டேன்.

"ஃப்ராவ் ஹேஃபலே, மீன் கெடச்சுதா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. இடுக்கியையும் வெளியே எடுக்கவில்லை. அப்படியே நின்றபடி அழ ஆரம்பித்தார். என் சந்தோஷம் அங்கேயே செத்துவிட்டது. அவர் அழுவார் என்று எனக்குத் தெரியாது. கணவரின் அடக்கத்தின்போதுகூட மாலைகள் கோணலாக இருப்பதைச் சரிசெய்துகொண்டிருந்தவர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவருடைய சமையலறையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு வந்த பச்சை இலை உறையை அவர் பிரித்திருக்கிறார், அது விளம்பரம் அல்ல. புதிய வாடிக்கையாளராகச் சேர்ந்ததற்கு நன்றி என்று கண்டும் கேட்டுமிராத ஒரு கம்பெனி எழுதியிருந்தது. கட்டடம் முழுவதையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு போயிருந்தான் அந்தச் சாம்பல் கோட்டு. மீட்டர் அறைக்குள் நுழைந்ததும் அவன் ஒவ்வொரு சீட்டையும் குனிந்து படித்தானாம். இந்த மாவட்டத்திலேயே இப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை என்றானாம். மற்றக் கட்டடத்துக்காரர்களுக்குக் காட்டி அவர்களை வெட்கப்பட வைக்க வேண்டும், படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டானாம். கண்ணாடி பளபளவென்று இருந்ததால் படத்தில் வெளிச்சம் தெறித்தது. ரோஸ்விதாவே டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எண்கள் தெளிவாகத் தெரியும்படி அடித்துக் கொடுத்தார். ஒரு சீட்டின் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெயர் மறையக் கூடாதல்லவா.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் மறுத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று அவருக்குத் தெரியும். எல்லோருடைய உறையையும் ரகசியமாக எடுத்து, எல்லோருக்கும் தானே மறுப்பு எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இடுக்கியோடு இறங்கியிருக்கிறார். ஆனால் அதற்கு அவரவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், மீட்டர் எண் எப்படி வெளியே போனது என்று கேட்பார்கள். சாவி இருந்தது ஒரே ஒரு கழுத்தில்.

"சொல்லாம விட்டா?" என்று கேட்டேன்.

"உச்சிமாடிப் பொண்ணு எந்தக் கவரையும் பிரிக்காது. ப்ராய்னிங் பெட்டியவே தொறக்கமாட்டார். அப்படியே மாட்டிக்கிட்டுப் போவாங்க," என்றார். மேசையில் இல்லாத ஒரு கறையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னா, சாவி போயிடும்."

அன்று சாயங்காலம் படிக்கட்டில் விசில் சத்தம் கேட்டது. எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தோம். ரோஸ்விதா முதல் மாடித் திருப்பத்தில், நீச்சல் குளத்துக் கூண்டில் உட்கார்ந்திருப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவனை உள்ளே விட்டது தான், கீழே கூட்டிப்போனது தான், டார்ச் அடித்ததும் தான் என்று. டார்ச் விஷயத்தை விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் சொன்னார்.

கீழிருந்து ப்ராய்னிங் சிரித்தார். எத்தனை வருடம் சேர்த்துவைத்த சிரிப்போ.

"எங்களுக்கு எல்லாம் கிளாஸ் எடுத்தீங்களே, ஃப்ராவ் ஹேஃபலே. எப்படிங்க உள்ள விட்டீங்க?"

ரோஸ்விதா கழுத்துச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"அந்த ரூம் நல்லாருக்குன்னு சொன்னான். இத்தன வருஷத்துல நீங்க ஒருத்தராவது சொன்னதுண்டா? ஒரு திருடன் வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு."

ஃபின்யா தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எங்கேயோ பார்த்தேன். ஆனால் ப்ராய்னிங் விடவில்லை. சாவியைக் கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள், நானும்தான். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. கொடுக்கும் முன் ரோஸ்விதா ஒரே ஒரு அனுமதி கேட்டார். கீழே போய், தான் எழுதி ஒட்டிய சீட்டுகளை எல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்தார். எண்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். பிறகு கயிற்றிலிருந்து சாவியைப் பிரித்து ப்ராய்னிங்கின் கையில் வைத்தார். மீட்டருக்கெல்லாம் முகமூடி போட்டாச்சு, இனிக் கொள்ளையடிக்கப் போகும் என்று ப்ராய்னிங் கிண்டலடித்தார்.

எல்லோரும் ரோஸ்விதாவின் சமையலறையில் உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றுகொண்டே அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். நான் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை, செய்ததாக நீங்கள் சொன்னால் அதையும் ரத்து செய்கிறேன். இவ்வளவுதான் வாசகம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். பழைய கம்பெனிக்கு அழைத்து, நாங்கள் எங்கும் போகவில்லை, எங்களை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னோம். போலீசுக்கும் போனோம். புதுக் கம்பெனியின் விலை கொஞ்சம் மலிவாகத் தெரிவதால், திருட்டு ஒப்பந்தமாகவே இருந்தாலும் வைத்துக்கொள்ளலாமா என்று ப்ராய்னிங் ஒரு கட்டத்தில் யோசித்தார். சில மாதத்தில் விலை எவ்வளவு ஏறும் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்ததை ரோஸ்விதா விரலால் சுட்டிக் காட்டிய பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

அதன் பிறகு ப்ராய்னிங்கின் ஆட்சி. பனிக்காலம் முழுக்க மீட்டர் அறையை யாரும் பெருக்கவில்லை. அங்கே இருந்த பல்பு எரிந்துபோனது, மாற்றவில்லை. ஒரு சைக்கிளும் அதற்குள் குடியேறியது. ரோஸ்விதா நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்து வரும்போது அந்தக் கதவின் பக்கம் திரும்பாமல் நடப்பார். எங்கள் மூலைகளைக் குனிந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். நான் என் முறையில் வேண்டுமென்றே ஒரு மூலையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

குளிர் விடும் சமயம், ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தேன். நிலவறையிலிருந்து ப்ராய்னிங்கின் குரல் வந்தது. கைப்பேசியில் யாரோடோ குழைந்து பேசிக்கொண்டிருந்தார். இதோ ஒரு நிமிடம், பார்த்துச் சொல்கிறேன் என்றார். பிறகு மேல்நோக்கி, "ஃப்ராவ் ஹேஃபலே, உங்க டார்ச்சக் கொஞ்சம் கொண்டாங்களேன், ஒண்ணும் தெரியல," என்று கத்தினார்.

ரோஸ்விதா அதே டார்ச்சோடு இறங்கி வந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் மீட்டர் அறை வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே கால் வைக்கவில்லை. ப்ராய்னிங் காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, ஒரு மீட்டரின் கறுப்பு டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் விழுந்ததும் எண்ணின் முதல் பாதி தெரிந்தது.

"யாரு லைன்ல?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"ரத்துப் பிரிவுங்க," என்று ப்ராய்னிங் கிசுகிசுத்தார். "நாம எழுதினது இன்னும் முழுசா முடியலையாம். எல்லா மீட்டர் நம்பரும் சொன்னா முடிச்சிடுவாங்களாம். ரொம்ப மரியாதையான ஆளு. இந்தக் கட்டடத்துலயே விவரம் தெரிஞ்சவர் நீங்கதான்னு அவரே சொல்றாரு."

ரோஸ்விதா டார்ச்சை அணைத்தார்.

இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. விசில் மட்டும் கேட்டது. நீச்சல் குளத்தின் அந்தக் கரையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று செய்த விசில் அது. நிலவறைக்குள் அதை முழு மூச்சோடு ஊதினால் என்ன ஆகும் என்பதற்கு என் காதும் சாட்சி. கைப்பேசியின் அந்தப் பக்கத்தில் இருந்தவன் என்ன ஆனான் என்று தெரியாது, மறுபடி அழைக்கவில்லை. ப்ராய்னிங்குக்கு இடது காது சாயங்காலம் வரை கேட்கவில்லை. ரோஸ்விதா மேலே போய்விட்டார்.

மறுநாள் என் வீட்டுக் கதவைத் திறந்தபோது, எதிர்வீடான ரோஸ்விதாவின் வாசலில் ப்ராய்னிங் நின்றுகொண்டிருந்தார். மறுப்பு எழுதிய அந்தச் சாயங்காலம் தவிர, நான் குடிவந்த நாளிலிருந்து இந்த மாடிக்கு அவர் ஏறிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கையில் சாவி. மணியை அடித்துவிட்டு, ஓடிவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

தொண்டையைக் கனைத்தார். ஒருமுறை போதவில்லை.

"அந்த மீட்டர் ரூம்," என்றார். "நீங்க வெச்சிருந்தப்ப... ரொம்ப நல்லா இருந்துச்சு, ஃப்ராவ் ஹேஃபலே."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. ரோஸ்விதா அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கை தானாக விசிலுக்குப் போனது.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"நம்பர் தரமாட்டேன்."

"நம்பர யாருங்க கேட்டா? சும்மா சொன்னேன். நெசமாத்தான்."

ரோஸ்விதா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் கோட்டுக்காரனிடம் பார்க்க மறந்ததை எல்லாம் ப்ராய்னிங்கிடம் சேர்த்துப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அப்ப சாவியக் குடுங்க," என்றார்.

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். ப்ராய்னிங் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். நான் மட்டும் நின்றேன். கதவுக்குப் பின்னால் ரோஸ்விதா மூக்கைச் சிந்தும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

கதவு மறுபடி திறந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கழுத்துக் கயிற்றில் விசிலோடு சாவியும் தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் வாசல் மிதியடிக்குப் பக்கத்தில் ப்ராய்னிங் விட்டுப்போன காய்ந்த சேற்றைப் பார்த்தார். பிறகு என் கதவில் தொங்கிய மரப்பலகையைப் பார்த்தார்.

"இந்த வாரம் உங்க முறைதானே, ஐஸலே? போன தடவ ஒரு மூலைய விட்டிருந்தீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நான் துடைப்பம் எடுக்க உள்ளே போனேன்.